வாளுக்கு வைத்த பொட்டு

ஒன்பதாவது கட்டத்தில் வந்து நின்றுவிட்டேன். முதல் எட்டையும் ஒரே மூச்சில் நிரப்பியாயிற்று. பெயர், லெப்டினன்ட் கர்னல் சென்னியப்பன், ஓய்வு. பொருள், வாள் ஒன்று, உறையுடன். நீளம், எடை, கைப்பிடி விவரம். கிடைத்த வருடம் 1972. வழங்கியவர், ஆற்றுப்பாளையம் ஊர் மக்கள். இந்த ஒன்பதாவதில், பொருளில் துரு, கறை, சேதம் ஏதாவது இருந்தால் எழுதவும் என்று போட்டு மூன்று விரற்கடை இடம் விட்டிருக்கிறார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து உட்கார்ந்தேன். கட்டம் அப்படியே இருக்கிறது. மணி பத்து பத்து. பதினொன்றுக்கு அந்தப் பெண் வருகிறாள், கேப்டன் ஆதிரை, எங்கள் படைப்பிரிவின் மியூசியத்திலிருந்து. பதினொன்று என்றால் எங்கள் கணக்கில் பத்து ஐம்பத்தைந்து. அதற்குள் ஒரு கட்டத்தை நிரப்ப முடியாதா, ஆறு மணி நேரத்தில் ஓர் ஆற்றுக்குப் பாலம் போட்டவன்தானே நீ, என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். நேற்று போனில் எவ்வளவு உற்சாகமாகப் பேசினாள். "சார், நீங்க எதுவும் பண்ண வேணாம். எங்ககிட்ட நல்ல ஆள் ஒருத்தர் இருக்கார். துரு, கறை எல்லாத்தையும் எடுத்துட்டு அப்படியே புதுசாக்கிடுவார். கண்ணாடிப் பெட்டியில வெச்சா ஜொலிக்கும் சார்." நான் "வெரி குட்" என்றேன். என்ன வெரி குட்? முப்பது வருடம் பட்டாளத்தில் ஊறிய நாக்கு. யார் எதைச் செய்கிறேன் என்றாலும் வெரி குட் என்று சொல்லிவிடுகிறது, விஷயம் மண்டைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால். போனை வைத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. எல்லாத்தையும் எடுத்துட்டு, என்றாளே. எல்லாத்தையும் என்றால் அதையும்தான். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. மேல்வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் கொடுத்து அடங்குகிறது. என் மனைவி சௌந்தரம் இருந்திருந்தால், பருப்புக்கு மூணு விசில் ஜாஸ்தி, குழைஞ்சுபோயிரும், என்று மேலே பார்த்துச் சொல்லியிருப்பாள்.

வாள் சாப்பாட்டு மேசையில் பழைய துண்டின் மேல் கிடக்கிறது, உறை பக்கத்தில். இந்தத் திருவான்மியூர்க் காற்றுக்கு இரும்பென்றால் அப்படி ஒரு பசி. ஜன்னல் கம்பி, கேட், ஃப்ரிட்ஜின் கால், சௌந்தரத்தின் தையல் மிஷின் மிதி, எல்லாவற்றையும் அரித்துவிட்டது. வாளை மட்டும் தொட விடவில்லை நான். இருபத்தெட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் வெள்ளை மல்துணியும் மிஷின் எண்ணெயும். "ஏனுங்க, என்ற மிஷினு எண்ணெயெல்லாம் உங்க கத்தியே குடிச்சுப்போடுதுங்க" என்பாள். கத்தி என்றுதான் சொல்வாள், கடைசி வரைக்கும். வாள் என்று சொல்லு சௌந்தரம் என்றால், "நறுக்கறதெல்லாம் கத்திதானுங்க" என்பாள். இது எதையும் நறுக்கியதே இல்லை என்பேன். "அப்பறம் எதுக்கு இத்தனை எண்ணெயுங்க?" போன மாதம் இரண்டு ஞாயிறு விட்டுப்போயிற்று. வேண்டுமென்று விடவில்லை, துணியைப் பிடித்தால் கை நடுங்குகிறது, எண்ணெய் மேசையெல்லாம் சிந்துகிறது. எண்பது வயது. நான் போய்விட்டால் இந்தக் காற்று ஒரே மழைக்காலத்தில் வேலையை முடித்துவிடும். இதில் வெறும் விரல் படக்கூடாது, அது பயிற்சியில் முதல் நாள் சொல்லித்தருவது. விரலில் உப்பு இருக்கிறது, தொட்ட இடத்தில் ஒரு வாரத்தில் ரேகை துருவாக எழும்பிவிடும். யாராவது பார்க்கக் கேட்டால் பிடியை அவர்கள் பக்கம் நீட்டி, அலகை நம் கைக்குட்டையில் தாங்கிக்கொள்வோம். இப்போதும் அப்படித்தான், கைக்குட்டையைப் போட்டுத்தான் திருப்புகிறேன். பிடிக்கு நாலு விரற்கடை கீழே இருக்கிறது அது. பழுப்பாக, ஒரு கட்டைவிரல். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வளையம் வளையமாக ரேகை தெரியும். குறுக்கே ரேகையே விழாமல் ஒரு கோடு சாய்வாகப் போகும், அந்த விரலுக்கு உரியவள் எட்டு வயதில் அரிவாள்மனையில் வெட்டிக்கொண்ட தழும்பு அது. இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கிறது. மங்கியதற்குக் காரணம் நான். அதற்குப் பிறகு வருகிறேன். அந்தச் "சரிங்க"வுக்கும் பிறகு வருகிறேன். இப்போது வேண்டாம், இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.

ஊரில் வரவேற்புக் கொடுத்தார்கள். ஆற்றுப்பாளையத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய் ஆபீசரான முதல் ஆள் நான், வங்காளத்துச் சண்டை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை போஸ்டர். 'எதிரிப் படையைச் சிதறடித்த சிங்கம்' என்று போட்டு ஒரு படம், பெரிய மீசையோடு. எனக்கு மீசையே கிடையாது. சிதறடிக்கவும் இல்லை. நான் பொறியாளர் படை. அந்தச் சண்டையில் நான் செய்தது இரண்டு பாலம் போட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, பனி விலகுவதற்குள் மிதவைகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை அடுக்கி, வண்டிகளை அனுப்பினோம். மாட்டுத் தண்ணீர்த் தொட்டி வாசனை அடிக்கும் அந்த ஆறு. ஒரு குண்டுகூட நான் சுடவில்லை. இதை யூனியன் சேர்மனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "பாலமுங்களா?" என்று கொஞ்ச நேரம் யோசித்தார். மேடை ஏறி, பாலத்தின் மேல் தன்னந்தனியாக நின்று பகைவரை வெட்டி வீழ்த்திய நம் கேப்டன், என்று பேசினார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பாலம் கட்டினவனுக்கு வாள். வடக்கே எங்கேயோ சொல்லி வரவழைத்தது, முலாம் பூசாத வெறும் எஃகு, என் பெயரும் ஊர்ப் பெயரும் தமிழில் வெட்டியிருந்தது. மேளம் வாசிக்க ஒரு பெண் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். முகத்தை நான் பார்க்கவில்லை. வாளைத்தான் பார்த்தேன், பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. உறையிலிருந்து உருவி வைத்திருக்கிறார்கள். பிடியிலிருந்து முனை வரைக்கும் சந்தனம். மூன்று இடத்தில் குங்குமப் பொட்டு. முனையில் ஓர் எலுமிச்சம்பழம், நறுக்கென்று குத்தி, சாறு அலகு வழியாக வழிந்துகொண்டிருக்கிறது. புது லாரிக்குப் பூஜை போடுவதுபோலப் போட்டிருந்தார்கள் என் வாளுக்கு. "யார் இதுல கை வெச்சது?" என்று கத்திவிட்டேன். மைக் பக்கத்தில் இருந்ததை மறந்துபோனேன். மேளம் நின்றுவிட்டது. பள்ளிக்கூட மைதானம் முழுக்க, மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவன் வரைக்கும் கேட்டது. அந்தப் பெண் கொஞ்சமும் அசரவில்லை. "நான்தானுங்க" என்றாள். அதுவும் மைக்கில் கேட்டது. "வெறும் இரும்பா இருந்துச்சுங்க. அதான் பொட்டு வெச்சேன்." ஊரே சிரித்தது. சிங்கம் வாளை வாங்கி, கைக்குட்டையால் அங்கங்கே துடைத்து, அவமானத்தில் அவசரமாக உறைக்குள் தள்ளியது. இரண்டு பொட்டைத் துடைத்திருந்தேன். பிடிப் பக்கம் இருந்த மூன்றாவதைக் கவனிக்கவில்லை. ஈரச் சந்தனத்தோடும் எலுமிச்சைச் சாற்றோடும் தோல் உறைக்குள் போட்டு மூடினால் என்ன ஆகும் என்று எந்த அதிகாரிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அதற்குள் ஆளாளுக்கு மாலை போட ஆரம்பித்துவிட்டார்கள், அப்புறம் விருந்து, அப்புறம் ரயில்.

பத்து நாள் கழித்து மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் உருவினேன். அப்போதுதான் பார்த்தேன், பழுப்பாகப் பளிச்சென்று ஒரு கட்டைவிரல். மற்ற இடத்துக் கறையெல்லாம் தேய்த்ததும் போய்விட்டது, இது மட்டும் போகவில்லை. குங்குமத்தை விரலில் எடுத்து நன்றாக அழுத்தி வைத்திருக்கிறாள். எங்கள் கமாண்டிங் ஆபீசர் மராட்டியர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "சென்னி, குற்றவாளி ரேகையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நீ ஏன் இன்னும் பிடிக்கவில்லை?" என்று இந்தியில் கேட்டார். அடுத்த லீவில் பிடிக்கப் போனேன். விசாரித்ததில், வரவேற்புக் குழுச் செயலாளராக இருந்த டிராயிங் வாத்தியாரின் மகள், பெயர் சௌந்தரம் என்று தெரிந்தது. வாத்தியார் வீட்டுக்கு வாளையே எடுத்துக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பெண் இருக்கிற வீட்டுக்கு ஒருத்தன் வாளோடு போனால் அந்த மனுஷர் என்ன நினைத்திருப்பார்? நான் நிஜமாகவே கோபமாகத்தான் போனேன். செய்ததைப் பார் என்று காட்டிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் திட்டம். வாத்தியார் மன்னிப்புக் கேட்டார், கேட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். கைக்குட்டையில் வாளைத் தாங்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரலை அந்த ரேகைக்கு நேராக, ஓர் அங்குலம் மேலே, தொடாமல் நிறுத்திப் பார்த்தாள். தொடக்கூடாது என்று ஒரே தடவைதான் கேட்டிருக்கிறாள், அதுவும் கத்தலாக. ஆனாலும் அந்த ஓர் அங்குலத்தை விட்டிருந்தாள். விரலில் தழும்பு, கீழே வாளிலும் தழும்பு. "ஆமாங்க, என்ற வெரலுதானுங்க" என்றாள். அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்தேன். சொல்ல வந்த திட்டெல்லாம் எங்கே போயிற்றோ. வாத்தியார் வீட்டம்மாள் கொடுத்த காபியில் சர்க்கரை போட மறந்திருந்தது, அதைக் குடித்துவிட்டு இரண்டாவது டம்ளரும் கேட்டேன். எழுபத்து நாலு தை மாதம் கல்யாணம். அந்த மராட்டியர் வந்திருந்தார், மணமேடையில் ஏறி என் காதில், "கைது செய்தது நீயா, அவளா?" என்று கேட்டார்.

அத்தோடு நான் அந்த ரேகையைக் கொண்டாடியிருக்க வேண்டும். மனுஷ புத்தி அப்படி இல்லையே. கல்யாணமான பிறகு அது வாளில் ஒரு கறை, அவ்வளவுதான். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் கூச்சமாக இருக்கும். மூன்று தடவை எடுக்கப் பார்த்தேன். மூன்றாவது தடவை ராஜஸ்தானத்தில் இருந்தபோது, நைசான உப்புத்தாள் வாங்கி வந்து, வராந்தாவில் உட்கார்ந்து இடது ஓரத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தேன். எங்கள் மகள் மைதிலிக்கு அப்போது ஆறு வயது, மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். சௌந்தரம் துணி உலர்த்திவிட்டு வந்தாள், நின்று பார்த்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே, "அது போகாதுங்க. நல்லா அழுத்தித்தான் வெச்சேன்" என்று சொல்லிவிட்டுக் காலி வாளியோடு உள்ளே போனாள். அதற்குமேல் தேய்க்கக் கை வரவில்லை. அந்த மங்கல் அதுதான். இன்னும் கால் மணி நேரம் தேய்த்திருந்தால் பாதி விரல் போயிருக்கும். சௌந்தரம், அன்றைக்கு நான் நிறுத்தினது உனக்காக இல்லை, வெயில் ஏறிவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள். அப்புறம் ஆயுத பூஜை. எந்த ஊரில் இருந்தாலும் அவள் ஆயுத பூஜையை விட்டதில்லை. தையல் மிஷின், அரிவாள்மனை, ஸ்கூட்டர், மிக்சி, என் ஷேவிங் செட், மைதிலியின் ஜாமெட்ரி பாக்ஸ், எல்லாவற்றுக்கும் சந்தனம், மேலே குங்குமம். வாளுக்கு மட்டும் கிடையாது. அலமாரியிலிருந்து இறக்கி மற்றதோடு வரிசையில் வைப்பாள், அதை மட்டும் தாண்டி அடுத்ததற்குப் போவாள். முதல் வருடம் நான் சொன்னேன், அதற்கு மட்டும் வேண்டாம், துரு ஏறும் என்று. பிறகு சொல்ல வேண்டியே இருக்கவில்லை. ஐம்பது வருடம் தாண்டிப் போனாள். பொட்டு வைத்த சாமான்களுக்கு நடுவே அது மட்டும் வெறும் இரும்பாகக் கிடக்கும். வருஷா வருஷம் பார்த்தேன், ஒரு வருஷம்கூட உறைக்கவில்லை.

மணி பத்தரை. பேனாவை எடுத்து மறுபடி வைத்தேன். ஆதார் எடுக்கப் போனோமே, அதை நினைத்துக்கொள்ளலாம், அது கொஞ்சம் சிரிக்கிற விஷயம். கண்ணெல்லாம் பதிந்துவிட்டது, கைரேகை மட்டும் விழவில்லை. அந்தப் பையன் துடைத்துப் பார்த்தான், அழுத்திப் பார்த்தான், ஒவ்வொரு விரலாக மாற்றிப் பார்த்தான். "சார், அம்மாவுக்கு ரேகையே இல்ல சார். தேஞ்சு போச்சு. பாத்திரம் தேய்க்கிறவங்களுக்கு எல்லாம் இப்படித்தான்." ஆயிரம் இட்லி, பத்தாயிரம் பாத்திரம், பதினோரு ஊர் மாற்றி மூட்டை கட்டியது, தேயாமல் என்ன செய்யும்? எனக்குச் சுருக்கென்றது. அவள் சிரித்துக்கொண்டே, "இவர் கத்தியில இருக்குது தம்பி. வேணுமின்னா வந்து எடுத்துக்கோ" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஒவ்வொரு நவம்பரிலும் பென்ஷனுக்காக விரலை வைத்து உயிரோடிருக்கிறேன் என்று காட்டிவிட்டு வருவேன், வீட்டுக்கு வந்தால், "வெச்சுட்டு வந்தீங்களா? இருக்கீங்கன்னு ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்பாள். போன நவம்பரில் கேட்டாள். இந்த நவம்பரில் யார் கேட்பார்கள்? சிரிக்கிற விஷயம் என்று ஆரம்பித்தேன், எங்கே கொண்டு வந்து விட்டது பார். சரி, இனிமேல் ஒதுங்கிப் பயனில்லை. போன ஆயுத பூஜை. அவளால் நிற்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தோம். மைதிலி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள், அவள்தான் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தாள், இன்டர்நெட் பெட்டிக்குக்கூட வைத்தாள். சௌந்தரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்து சூடம் ஏற்றப் போகும்போது, "ஏனுங்க, இந்த ஒரு வருஷம் அதுக்கும் வெச்சுரட்டுங்களா?" என்று கேட்டாள். குங்குமச் சிமிழ் அவள் மடியில் இருந்தது. ஏற்கனவே விரலில் தொட்டு வைத்திருந்தாள். நான் என்ன சொன்னேன்? "துரு ஏறும் சௌந்தரம்" என்றேன். கோபமாகக்கூட இல்லை, செய்தித்தாளில் எதையோ பார்த்துக்கொண்டு, எப்போதும் சொல்கிற மாதிரி சொன்னேன். "சரிங்க" என்றாள். விரலில் இருந்த குங்குமத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை. வருத்தமில்லாத, சலிப்பில்லாத சரிங்க. மைதிலி என்னைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பார்வைக்கு எனக்கு அன்றைக்கு அர்த்தம் தெரியவில்லை. ஜனவரியில் சௌந்தரம் போய்விட்டாள்.

கூடத்தில் கிடத்தியிருந்தபோது அவள் தம்பி மகன், "மாமா, நீங்க ஒரு பொட்டு வெச்சு விடுங்க" என்றான். விரலில் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்தேன். "அழுத்தி வைங்க மாமா, உதிருது" என்றான். அழுத்தி வைத்தேன். நெற்றி சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு எனக்குப் பழக்கமான சில்லிப்பு, டிசம்பர் மாதக் காலையில் இரும்பைத் தொட்டால் இருக்குமே, அது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நானே உட்கார்ந்து மியூசியத்துக்குக் கடிதம் எழுதினேன். அலமாரியைத் திறந்தால் அது கிடக்கிறது, பார்த்தால் அந்த "சரிங்க" கேட்கிறது, வீட்டில் இருக்கவே கூடாது என்று ஒரு வெறி. இப்போது வாங்கிக்கொள்ளவே வருகிறார்கள். மைதிலி நேற்று சொன்னாள், "வேண்டாம்னு சொல்லிருங்கப்பா. என்ன ஆகிரும்?" ஒன்றும் ஆகாது. சொல்லிவிடலாம். வைத்துக்கொண்டு என்ன செய்வேன், இந்தக் கையை வைத்துக்கொண்டு? எண்ணெய் போடாத வாள் இந்தக் காற்றில் முழுக்கத் துருவாகும், அந்தத் துருவுக்குள் அவள் விரல் காணாமல் போகும். கொடுத்தால் அந்த நல்ல ஆள் தேய்த்துப் புதுசாக்கிவிடுவார். வைத்திருந்தாலும் போகும், கொடுத்தாலும் போகும். இதைத்தான் நேற்று ராத்திரியிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன். இவ்வளவு வருடமாக அதைக் கறை என்று சொல்லி வந்தவன் நான்தானே. ஒன்பதாவது கட்டமும் கறை என்றுதான் கேட்கிறது, என் வார்த்தையையே என்னிடம் கேட்கிறது. கறை ஒன்று உண்டு என்று நான் எழுதினால் எடுத்துவிடுவார்கள். அப்படியென்றால் அப்படி எழுதாதே. இவ்வளவு நேரம் இது ஏன் தோன்றவில்லை? கண்ணாடிப் பெட்டி, ஏசி, உப்புக்காற்று கிடையாது. தேய்க்காமல் மட்டும் விட்டால் என்னைவிட, மைதிலியைவிட அதிக நாள் இருக்கும் அவள் விரல். பேனாவைத் திறந்தேன். சேதம் இல்லை. கைரேகை ஒன்று உள்ளது, அது வாளைச் சேர்ந்தது, எடுக்கக்கூடாது. சம்மதமில்லை என்றால் வாளைத் திருப்பி அனுப்பவும். கை நடுங்கினாலும் எழுத்து நேராகத்தான் வந்திருக்கிறது.

பத்து நாற்பது. எழுந்து பூஜை அலமாரிக்குப் போனேன். சந்தனக்கட்டை அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது, கல்லும் அங்கேயே, ஏழெட்டு மாதமாக யாரும் தொடவில்லை. சமையலறைக் குழாயில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு உரைத்தேன். எந்தப் பக்கமாகச் சுற்றி உரைப்பாள்? கேட்டதே இல்லை. வாசனை வந்ததும் வீட்டில் அவள் எங்கேயோ இருக்கிறாள் என்று ஒரு விநாடி, ஒரே விநாடி, நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். தையல் மிஷின்தான் இருந்தது. மேசைக்கு வந்து கைக்குட்டையை எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன். மல்துணியால் எண்ணெயைத் துடைத்தேன், ஒரு துளி விடாமல், அவள் ரேகை மேல் மட்டும் போகாமல். அதன் பக்கத்தில், ஓர் அங்குலம் தள்ளி, சந்தனத்தைத் தடவினேன். ஐம்பது வருடத்துக்கு மேலாக வெறும் விரல் பட விடாத இரும்பு. குங்குமத்தைக் கட்டைவிரலில் எடுத்தேன். வைத்தேன். அழுத்தி வைத்தேன், உதிராமல். வைத்துக்கொள் சௌந்தரம், இந்த வருஷத்துக்கும் சேர்த்து, எல்லா வருஷத்துக்கும் சேர்த்து. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டேன். எலுமிச்சம்பழம் வீட்டில் இல்லை. ஈரத்தோடு உறைக்குள் தள்ளினேன், அன்றைக்கு மேடையில் தள்ளியதுபோலவே. முகத்தைக் கழுவி, சட்டையை மாற்றி, தலை சீவிக்கொண்டேன். பிறகு நினைவு வந்து படிவத்துக்குப் போனேன். கைரேகை ஒன்று என்பதில் ஒன்றை அடித்து, இரண்டு என்று எழுதி, திருத்தம் செய்ததற்கு ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். அழைப்பு மணி அடித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து ஐம்பத்தைந்து.

கேப்டன் ஆதிரை உயரமான பெண், இஸ்திரி மடிப்பு கலையாத சீருடை. சல்யூட் அடித்தாள், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், தண்ணீர் போதும் என்றாள். "உங்க பாலத்தோட போட்டோ ஒண்ணு மியூசியத்துல இருக்கு சார்" என்றாள். சந்தோஷமாக இருந்தது, வாளைப் பற்றிப் பேசாமல் பாலத்தைப் பற்றிப் பேசுகிற ஆளை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டுதான் வாளைத் தொட்டாள், நல்ல பயிற்சி. ஒரு சாண் உருவியவள் அப்படியே நின்றுவிட்டாள். சந்தனம் உறையின் வாயில் ஒட்டியிருந்தது. "சார், ஈரம் இருக்கு. குங்குமம் வேற. உடனே துடைக்கலன்னா பிடிச்சிடும் சார்" என்று சொல்லி, கைக்குட்டையை மடித்து நுனியைக் கூராக்கிக்கொண்டாள். அந்த முகத்தில் இருந்த பதற்றம் எனக்குத் தெரிந்த பதற்றம்தான். நான் கத்தவில்லை, பக்கத்தில் மைக்கும் இல்லை. "அதப் படிச்சுப் பாரும்மா" என்று படிவத்தைத் தள்ளினேன். ஒன்பதாவது கட்டத்தைப் படித்தாள், வாளைக் குனிந்து பார்த்தாள், மறுபடி படித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, "ரெண்டுன்னு போட்டிருக்கீங்க சார். ஒண்ணுதானே இருக்கு?" என்றாள்.

"இன்னொண்ணு எழும்ப ஒரு வாரம் ஆகும்மா" என்றேன்.

அவள் என் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, வாளை மெதுவாக உறைக்குள் தள்ளினாள்.